ஒரே கட்டிலில் மூன்று நாடு

பதினொரு வருடங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தேன். எல்லாம் தமிழில். வியன்னா மாநாடு, இத்தாலிய ஐக்கியம், முதலாம் உலகப் போருக்கான காரணங்கள் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அதன் எல்லைகள் எந்தப் போருக்குப் பிறகு எங்கே ஓடின என்று புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன். மாணவிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னுக்கு வந்தோம். வந்த முதல் மாதமே என் சான்றிதழ்களை அனுப்பினேன். பரிசீலிக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. எட்டு மாதம் கழித்து அதே கடிதம் வேறொருவரின் கையெழுத்தோடு திரும்பவும் வந்தது. இதற்கிடையில் நான் ஒரு தொழிற்சாலையில் காலுறைகளைச் சோடி சேர்த்துப் பொதி செய்துகொண்டிருந்தேன். என் கணவர் ஊரில் பொறியியலாளர். இங்கே மல்கிரேவ் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுப்பதைப் படமாக வரைந்தார். அவருக்குக் கோபமே வராது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டேன்.

நோர்த்கோட்டில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரி கணவனை இழந்தவர், அறுபதைக் கடந்தவர். அயலட்டையில் அவரை இத்தாலியக்காரி என்றார்கள்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. அதைக் கண்டு, தன்னைச் சியோரா என்று கூப்பிடச் சொன்னார். அவர்கள் பேச்சில் அம்மணி என்பது போல ஒரு சொல்லாம். வீட்டில் குசினி ஒன்றுதான், இரண்டு பகுதிக்கும் பொது. நான் மிளகாய் வறுத்தால் அவர் சன்னல்களை எல்லாம் திறப்பார். குளிர் தாங்காமல் நான் போய் மூடுவேன். முதல் மூன்று மாதமும் எங்களுக்குள் நடந்த உரையாடல் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை நான் முன்வாசலில் நின்றுகொண்டு கணவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, சாவி குசினிக்குள்ள கிடக்குது. எடுத்துக்கொண்டு வாங்கோ!"

கணவர் வருவதற்கு முன் சியோரா வந்துவிட்டார். ஒரு கையில் சாவி, மற்றக் கையில் மாவு. முகம் முழுக்க வெளிச்சம். "குசினா! சாவே!" என்றார். அவருடைய ஊர்ப் பேச்சில் குசினா என்றால் சமையலறை, சாவே என்றால் சாவி. என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கொடியில் காய்ந்த சேர்ட்டைக் காட்டினார். எங்கள் பழைய ஆட்கள் அதைக் கமிசை என்பார்கள் என்றேன். "கமிசா!" என்று துள்ளினார். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினார். பேனா என்றேன். அவர்களுக்கும் அது பேனாவாம். நாற்காலிக்கு நாங்கள் சொல்லும் கதிரையில் மட்டும் கொஞ்சம் இடறியது. அவர்கள் அதைக் கரேகா என்பார்களாம்.

இவை போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது விட்டுப்போன சொற்கள் என்று விளக்கப்படுத்தினேன். போர்த்துக்கேயமும் அவருடைய பேச்சும் லத்தீனில் இருந்து பிறந்தவை என்று வருடக்கணக்கோடு விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு தன் முடிவைச் சொன்னார். அவருடைய ஆங்கிலம் இருபது வருடமாக உடைந்து உடைந்து கிடந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் கேலி செய்வது போல ஆகிவிடும். என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீங்கள் கதைக்கிறது எங்கட பாஷைதான், பிள்ளை. கன காலம் வெளியில கிடந்து கொஞ்சம் பழுதாப் போச்சு."

நான் திருத்தினேன். அவர் திருந்தவில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, மரக்கறி வாங்கும் வலைப்பை நிறையக் கடதாசிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தன் பாஷை தெரிந்த, ஆங்கிலமும் எழுதத் தெரிந்த ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டாள் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

காரியம் இதுதான். சியோராவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. இருபது வருடமாக இருவரும் நேரில் சந்திக்கவில்லை. அவள் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டவள். புருசனும் செத்துப்போய்த் தனியாக இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. சியோராவுக்கும் இல்லை. தங்கச்சியை இங்கே கூப்பிட்டுத் தன்னோடு வைத்திருக்க வேண்டும், கண் மூடும்போது பக்கத்தில் ஒரு சொந்தம் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. காரணம் ஒரே வரி: இருவரும் சகோதரிகள் என்பது நிரூபிக்கப்படவில்லை.

"நிரூபிக்கிறதுக்கென்ன, பிறப்பத்தாட்சிப் பத்திரம் போதுமே" என்று நான் பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன். பிறகு பையைக் கொட்டிப் பார்த்தேன்.

சியோராவின் ஞானஸ்நானக் கடதாசியில் பிறந்த நாடு ஆஸ்திரியா. அவருடைய பழைய கடவுச்சீட்டில் இத்தாலி. தங்கச்சி புதிதாக எடுத்து அனுப்பிய பத்திரத்தில் யூகோஸ்லாவியா. ஊரின் பெயர் ஒன்றில் ஒருமாதிரி, மற்றதில் வேறுமாதிரி. தகப்பனின் குடும்பப் பெயர் தங்கச்சியின் பத்திரத்தில் ‘இச்’ என்று முடிந்தது. அக்காவின் இத்தாலியக் கடவுச்சீட்டில் அந்த வால் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. தகப்பனின் சொந்தப் பெயர்கூட இரண்டு விதம். கடதாசிப்படி பார்த்தால் வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஊரில், வேறு வேறு தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பெண்கள்.

"ஒரு வீடு, ஒரு அறை, ஒரு கட்டில்" என்றார் சியோரா. "ரெண்டு பேரும் அதிலதான் பிறந்தனாங்கள். அந்தக் கட்டில் ஒரு அடிகூட அசையேல்லை."

இஸ்திரியா என்று ஒரு இடம். இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு. மேலே திரியெஸ்தே துறைமுகம். எங்கள் பாடத்திட்டத்தில் அந்தக் கரைக்கு ஒரேயொரு வரி இருந்தது: ‘போரின் பின் இத்தாலி பெற்றுக்கொண்ட பகுதிகள்’. பதினொரு வருடமும் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். பெற்றுக்கொண்டவர்களைப் பற்றித்தான் எழுதினேன். அந்தப் பகுதியில் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

நூலகத்தில் இருந்து இரண்டு புத்தகம் எடுத்து வாசித்தேன். மீதியைச் சியோராவே சொன்னார். பல நூறு வருடம் வெனிஸ்காரர் ஆண்டார்கள். பிறகு ஆஸ்திரியா. கரையோரத்துப் பட்டணங்களில் வெனிஸ் பேச்சு, உள்ளே மலைப்பக்கத்துக் கிராமங்களில் ஸ்லாவியப் பேச்சு, சந்தையில் இரண்டும். இவர்களுடைய தகப்பன் உப்பளத்தில் வேலை செய்தவர். பெண் எடுத்தது மலைப்பக்கத்தில். வீட்டில் தகப்பனுக்கு ஒரு பாஷை, தாய்க்கு ஒரு பாஷை. முதலாம் போர் முடிய இத்தாலி வந்தது. பாசிஸ்டுகளான கறுப்புச் சட்டைக்காரர் வந்து ஸ்லாவியப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள், குடும்பப் பெயர்களின் வாலை வெட்டினார்கள். இரண்டாம் போரில் ஜெர்மன்காரர் வந்தார்கள். அவர்கள் போக யூகோஸ்லாவியப் படை வந்தது. ஆட்கள் காணாமல் போனார்கள். சில வருடம் அந்தக் கரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் ஏ வலயம், பி வலயம் என்று இரண்டாகக் கிடந்தது. கடைசியில் திரியெஸ்தே இத்தாலிக்கு, சியோராவின் ஊர் யூகோஸ்லாவியாவுக்கு என்று முடிந்தது. இத்தாலியர் என்று தங்களை நினைத்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். சியோராவும் புருசனும் அப்படி வெளியேறி, திரியெஸ்தேயில் கப்பல் ஏறி மெல்பேர்னுக்கு வந்தவர்கள். தங்கச்சியின் புருசன் மலைப்பக்கத்து ஆள், ஜெர்மன்காரருக்கு எதிராகக் காட்டில் நின்று சண்டை பிடித்தவர். அவர்கள் இருந்துவிட்டார்கள்.

நான் உசாராகிவிட்டேன். காலுறைக்குச் சோடி தேடித் தேடி மழுங்கிப் போயிருந்த மூளைக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். வெனிஸில் தொடங்கினேன். வரைபடமும் கீறினேன்.

கணவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "உது விண்ணப்பமோ, இல்லாட்டிப் பாடப் புத்தகமோ? கடைசியில கேள்வி அஞ்சையும் போட்டு விடுமன்" என்றார்.

நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

நகரத்து அலுவலகத்துக்குச் சியோராவோடு போனேன். அதிகாரி இளம் ஆள், மரியாதையானவர். என் ஆறு பக்கத்தையும் தட்டிப் பார்த்தார், வரைபடத்தில் ஒரு கணம் நின்றார், பக்கத்தில் வைத்தார். பிறகு படிவத்தைத் திருப்பி ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"பிறந்த நாடு. இதில் ஒரு நாடுதான் எழுதலாம்."

எந்த ஆண்டின் நாடு என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. நாடு என்றால் நாடுதானே என்றார். நான் இலங்கையில் பிறக்கவில்லை, சிலோனில் பிறந்தேன், இரண்டும் ஒரே இடம், அது உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்டேன். "உங்களுக்கும் ஏதாவது விண்ணப்பம் இருக்கிறதா?" என்றார். எனக்கு உச்சியில் ஏறியது. பக்கத்தில் இருந்த சியோரா என் தொடையைக் கிள்ளினார்.

ஆனால் அந்த மனிதர்தான் வழியும் சொன்னார். வரலாறு ஒன்றும் தேவையில்லையாம். இரண்டு சகோதரிகளும் ஆளுக்கொரு சத்தியக் கடதாசி தந்தால் போதும். தகப்பனுக்கு இன்ன பெயர், இன்ன பெயராலும் அறியப்பட்டவர். ஊருக்கு இன்ன பெயர், இன்ன பெயராலும் அறியப்பட்டது. இரண்டு கடதாசியிலும் ஒரே வாசகம் இருந்தால் கோப்பு நகரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை வீண் போனதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு கையெழுத்துத்தானே என்று நினைத்துக்கொண்டு ட்ராமில் ஏறினேன்.

தொழிற்சாலை அலுவலகத்துத் தட்டச்சில் வாசகத்தை அடித்துக்கொண்டு வந்து சியோராவுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ர அப்பாவுக்கு அந்தப் பெயர் இருந்ததே இல்லை."

"தங்கச்சியின்ர பத்திரத்தில இருக்குதே, சியோரா."

"அது அவங்கள் ஒட்டின வால். அதில நான் கையெழுத்து வைச்சா, நாங்கள் எப்பவும் அவையின்ர ஆக்கள்தான் எண்டு ஆகும். பிறகேன் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தனான்? பிறகேன் என்ர புருசன் இஞ்ச வந்து இரும்புத் தொழிற்சாலையில கிடந்து செத்தவர்?"

ஞானஸ்நானக் கடதாசியிலேயே வால் இருந்ததை நான் எடுத்துக் காட்டினேன். ஆசிரியர் புத்தி. ஞானஸ்நானம் கொடுத்த ஆஸ்திரியாக்காலத்துச் சுவாமியார் குடிகாரர் என்றார் சியோரா.

சரி, தங்கச்சியாவது கையெழுத்து வைக்கட்டும் என்று அவளுக்கு எழுதுவித்தேன். ஆறு வாரத்தில் பதில் வந்தது. சியோரா வாசித்து, வாசித்ததை எனக்குச் சொல்லி, சொல்லும்போதே ஏசினார். தங்கச்சியும் மாட்டாளாம். அந்த வெட்டின பெயர் கறுப்புச் சட்டைக்காரன் போட்ட பெயராம். தன் பழைய பெயரை விடமாட்டேன் என்று சொன்னதற்காக அவளுடைய புருசனை இளம் வயதில் சந்தியில் வைத்து அடித்தார்களாம். செத்த மனிசனுக்குத் துரோகம் செய்து அவுஸ்திரேலியா பார்க்க வேண்டிய அவசியம் தனக்கு இல்லையாம்.

"எந்தப் பாஷையில எழுதியிருக்கிறா?" என்று கேட்டேன்.

"எங்கட பாஷையிலதான். வேற எதில எழுதுவா?"

குசினா, சாவே பாஷை. அக்காவை அந்தப் பாஷையில் திட்டி, அந்தப் பாஷையில் முத்தமும் எழுதி அனுப்பியிருந்தாள். எனக்குத் தலை சுற்றியது. அலுவலகத்துக்காரனோடு சண்டை பிடிக்கலாம்; இவர்களோடு என்ன செய்வது?

எங்கள் ஊர்க் கரையோரத்துக் கத்தோலிக்கரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். யாக்கோபு, சந்தியோகு, ஜேம்ஸ் என்று மூன்று பெயரும் ஒரே பெயர்தான், வகுப்பு இடாப்பில் ஒன்று இருக்கும், கோயில் பதிவில் ஒன்று இருக்கும், யாரும் அதற்காகச் சண்டை பிடிப்பதில்லை என்றேன்.

சியோரா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கட ஊரில அந்தப் பெயருக்காக ஆரும் அடி வாங்கினவையோ?"

எங்களிலும் அடி வாங்கியவர்கள் இருந்தார்கள், வேறு காரணத்துக்காக. அதைச் சொல்லத் தொடங்கினால் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்காது.

இப்படியே ஒரு வருடம் போனது. கடிதம் போகும், கடிதம் வரும். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் பக்கத்தில் தகப்பனின் பெயருக்காகச் சண்டை, இரண்டாம் பக்கத்தில் முழங்கால் வருத்தம், தனிமை, இந்தக் குளிரில் விறகு கொத்தித் தர ஆள் இல்லை என்ற புலம்பல். சியோரா இரண்டாம் பக்கத்தை வாசித்து அழுவார். பிறகு முதல் பக்கத்துக்குப் பதில் எழுதுவார். நான் பக்கத்தில் இருந்து பல்லைக் கடிப்பேன். அலுவலகத்திலிருந்து, ஆறு மாதத்துக்குள் கடதாசிகள் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று அறிவித்தல் வந்தது. அதே வாரத்தில்தான் என் சான்றிதழைப் பற்றியும் கடிதம் வந்தது. தமிழில் படிப்பித்த அனுபவத்தை இங்கே கணக்கில் எடுக்க முடியாதாம்.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். இன்றைக்கும் அதற்கு வேறு சாட்டுச் சொல்ல என்னிடம் இல்லை.

‘இன்ன பெயராலும் அறியப்பட்டவர்’ என்ற வாசகம் ஆங்கிலத்தில் மூன்றே சொல். சியோராவுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க வராது. கடதாசியை எடுத்துக்கொண்டு போய், வாசகத்தை மாற்றி எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"இப்ப என்னெண்டு இருக்குது?"

"உங்கட அப்பாவுக்கு நீங்கள் சொல்லுற பெயர்தான் பெயர். மற்றப் பெயரால அவரைப் பிழையாச் சொல்லுறவை எண்டு போட்டிருக்கு."

"பிழையா எண்டு இருக்குதோ?"

"ஓம்."

"வடிவா இருக்குதோ?"

"வடிவா இருக்குது, சியோரா."

சந்தியில் இருந்த மருந்துக்கடைக்காரர் சமாதான நீதவான், சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்துபவர். அவர் முன்னால் போய்ச் சியோரா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் எனக்கு ஒரு கேக் வாங்கித் தந்தார்.

ஆங்கிலம் தெரியாத தங்கச்சிக்கும் அதே பொய்யைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சியோரா மூலம் முடியாது. தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசையில் வேலை செய்தவள் யூகோஸ்லாவியாவின் தல்மாத்தியாக் கரையைச் சேர்ந்தவள். அவளுக்கு அவர்களுடைய ஸ்லாவிய மொழி எழுதத் தெரியும். தேநீர் இடைவேளையில் அவளைப் பிடித்து, நான் சொல்லச் சொல்ல எழுதுவித்தேன். இந்தக் கடதாசியில் நீங்கள் சொல்லும் பெயர்தான் உங்கள் தகப்பனின் சரியான பெயர் என்றும், மற்றதால் பிழையாகச் சொல்லப்பட்டவர் என்றும் இருக்கிறது, நம்பிக் கையெழுத்து வைக்கலாம். எழுதி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "உண்மையா?" அலுவலகக் காரியம், உண்மைக்கும் அதற்கும் என்ன என்றேன். அவள் சிரித்துக்கொண்டு உறையை நக்கி ஒட்டினாள். பதினொரு வருடம் வரலாற்றுத் தாள் திருத்தியவள் நான். ஒரு வருடம் பிசகி எழுதினால் புள்ளி வெட்டியவள்.

தங்கச்சி கையெழுத்து வைத்து, அங்கே முத்திரையும் குத்துவித்து அனுப்பினாள். இரண்டு கடதாசியிலும் ஒரே வாசகம். கோப்பு நகர்ந்தது.

அவள் வந்திறங்கிய நாளை எப்படிச் சொல்வது? விமான நிலையத்தில் சியோரா கறுப்புக் கவுனும் முத்து மாலையும் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் என் கையைப் பிடித்து நசித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்து கட்டையாக ஒரு பெண்மணி வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓடவில்லை. மெதுவாக நடந்து வந்து, நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்கள். என் கணவர் மூக்கைச் சிந்தினார். நானும் அழுதேன். செய்தது சரிதான் என்று அன்றைக்கு நான் முழுதாக நம்பினேன்.

இரண்டு வாரந்தான் அந்த அமைதி. பிறகு குசினிக்குள் தொடங்கியது. உப்பளம் யாருடையது, அந்த வீட்டுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள், யார் முதலில் யாரைக் காட்டிக்கொடுத்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பேன். சொற்களில் பாதி எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. தகப்பனின் பெயர் வந்ததும் சத்தம் கூடும். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவர்களுடைய பாஷை பேசும் சுவாமியார் கோப்பி குடிக்க வந்திருந்தார். பேச்சு எப்படியோ தகப்பனிடம் போய்விட்டது. சியோரா எழும்பிப் போய்த் தன் சத்தியக் கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் அடித்தார். இந்த நாட்டு அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது, உன் பெயர் பிழையென்று இதில் இருக்கிறது என்றார். தங்கச்சி சிரித்தாள். அவளும் அறைக்குள் போய்த் தன் பிரதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். உன் பெயர்தான் பிழையென்று இதில் இருக்கிறது என்றாள். நான் அடுப்படியில் நின்றேன். ஓடவும் முடியவில்லை.

சுவாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்தார். ஒன்றை வாசித்தார், மற்றதை வாசித்தார், திரும்பவும் முதலாவதை வாசித்தார். பிறகு அவர்களுடைய பாஷையில் நிதானமாகச் சொன்னார். எனக்கே விளங்கியது. இரண்டிலும் ஒன்றுதான் எழுதியிருக்கிறது, பிழை என்று எதிலும் இல்லை. இரண்டு பெயரும் உங்கள் தகப்பனுடையதுதான் என்று நீங்கள் இருவரும் சத்தியம் செய்திருக்கிறீர்கள்.

சொல்லிவிட்டுக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சியோரா என் பக்கம் திரும்பினார். "நீ வாசிச்சுச் சொன்னது வேற."

"ஓம். வேறதான்."

"எனக்குப் பொய் சொன்னனீ."

"சொன்னனான். இவவுக்கும் சொல்லுவிச்சனான். சொல்லாட்டி இவ இண்டைக்கு இந்தக் கதிரையில இருந்திருக்க மாட்டா. நீங்கள் ரெண்டு பேரும் செத்தாலும் அந்த வாலைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்திருப்பியள். ஒரு வருசம்! ஒரு வருசம் நான் உங்கட கடிதங்களோட கிடந்து மாஞ்சனான். எனக்கு வேற வேலை இல்லையெண்டு நினைச்சியளோ?"

கத்தினேன். கணவர் வாசலுக்கு வந்து, "காணும், விடும், விடும்" என்றார். இன்னும் கத்தினேன். காலுறைக்காகவும் சான்றிதழுக்காகவும் சேர்த்துக் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

சியோரா நான் சொன்னதை வரி வரியாகத் தங்கச்சிக்குச் சொன்னார். தங்கச்சி நீளமாக ஏதோ சொன்னாள். அவள் முடிக்கும் முன்பே சியோரா தலையாட்டத் தொடங்கிவிட்டார். அந்த வீட்டில் அவர் தங்கச்சி சொன்ன ஒன்றுக்குத் தலையாட்டி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"தான் வராமலே இருந்திருக்கலாம் எண்டு சொல்லுறா" என்றார். "எங்கட அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரியாமலே எங்களைக் கொண்டு சத்தியம் செய்விச்சுப் போட்டாய் எண்டு சொல்லுறா. எங்கட அப்பாவின்ர பெயரில கை வைக்க நீ ஆர் எண்டு கேக்கிறா."

"நீங்கள் என்ன சொல்லுறியள், சியோரா?"

"நானும் அதைத்தான் கேக்கிறன். மாதம் முடியிறதுக்குள்ள வேற வீடு பாருங்கோ."

அக்காவும் தங்கச்சியும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்றாக நின்றார்கள். இருவருக்கும் புருவத்துக்கு நடுவில் ஒரே இடத்தில் ஒரே சுருக்கம். இருவரும் இடது கையைத்தான் இடுப்பில் ஊன்றியிருந்தார்கள். அந்த அதிகாரி அந்த நேரம் எங்கள் குசினி வாசலில் நின்றிருந்தால் ஒரு கடதாசியும் கேட்டிருக்க மாட்டார்.

அறைக்குள் போய்ப் பெட்டியை இழுத்து, சேலைகளை மடித்து அடுக்கத் தொடங்கினேன். எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. நன்றி கெட்ட சனம் என்று கணவரிடம் சொன்னேன். சொன்ன உடனேயே அது பிழையென்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குசினியில் பேச்சுச் சத்தம் கேட்டது. அன்று பின்னேரம் முழுக்க அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்கவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி விட்ட இடத்திலிருந்து மற்றவள் தொடங்கி.